ஈரம் காட்டும் வயல்கள்

ஜூன் 28

இன்று காலை வெர்னா டன்னவேயின் மதகை இறக்கிப் பூட்டினோம். பலகையை இறக்கியது நான். சங்கிலி போட்டது லைல் ஆக்டன், அரசாங்கத்துத் தண்ணீர் அதிகாரி. பெரியப்பா பிக்கப்பை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

சட்டப்படி எல்லாம் சரி. உவரோடையில் முதலில் வாய்க்கால் வெட்டியவனுக்கு முதல் தண்ணீர். அவனுக்கு நிறைந்த பிறகுதான் அடுத்த வருஷக்காரனுக்கு. பெரியப்பா பெய்யோ 1884. கில் சோரன்சன் 1893. வெர்னா 1911, கடைசி, ஓடையும் அங்கேதான் முடிகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட வருஷம் சொல்லிக் கூப்பிடுவதுதான் அதிகம். 1884-ல் எங்கள் குடும்பம் இங்கே இல்லவே இல்லை. தாத்தா பாஸ்க் நாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்து, பிறகு நிலத்தோடு அந்த வருஷத்தையும் விலைக்கு வாங்கினார். அதற்கும் முன்னால் இந்த ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பையூட் பழங்குடி மக்களுக்கு யாரும் ஒரு வருஷம் எழுதிக் கொடுக்கவில்லை.

லைல் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "மன்னிச்சுக்க பதினொன்னு. நான் என்ன பண்ண முடியும்?"

வெர்னா வேலிக் கம்பியில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "நீ ஒன்னும் பண்ணாம இருக்கத்தானே லைல் உனக்குச் சம்பளம்."

என்னை அவர் பார்க்கவில்லை. அதுவே பெரிய உதவி.

ஜூன் 30

புல் அறுப்பு. தும்மினால் மண் வருகிறது. வேறொன்றுமில்லை.

ஜூலை 8

பெரியப்பா ஊரிலிருந்து ஒரு லாரி நிறைய அலுமினியக் குழாய்களும் தெளிப்பான்களும் இறக்கினார். புது பம்பு வேறு. புல்வயலுக்குத்தான் என்று நினைத்தேன்.

"மேட்டு வயலுக்கு" என்றார்.

"அங்க என்ன இருக்கு பெரியப்பா? முயல்தான் இருக்கு."

"முயலுக்குத் தாகம் எடுக்காதா?"

எஃப்ராயின் சிரித்தான். அவன் பெருவிலிருந்து வந்தவன், எங்கள் பண்ணையில் நிரந்தர ஆள் அவன் ஒருத்தன்தான். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மேட்டு வயல் என்பது ஓடைக்கு மேலே பாறை விளிம்பை ஒட்டிக் கிடக்கும் நிலம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு பேய்மழையில் அதன் வாய்க்கால் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் அங்கே ஏறியதில்லை. இப்போது இடுப்பளவு சேஜ் புதர். நடுவில் யாரோ தூக்கிப்போட்ட ஒரு குளிர்பதனப் பெட்டி, கதவில்லாமல்.

சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஐந்து வருஷம் தொடர்ந்து பாய்ச்சாத வயலின் தண்ணீர் உரிமை செத்துப்போகும், அதுதான் சட்டம். வெர்னா போய் அலுவலகத்தில் மேட்டு வயலைப் பற்றி விசாரித்திருக்கிறார். விசாரித்ததை லைல் அன்றைக்கே பெரியப்பா காதில் போட்டுவிட்டார். வெர்னா வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டில் விஸ்கி குடிக்கிற மனுஷன்.

"அந்தத் தண்ணி நமக்கு வேண்டவே வேண்டாமே" என்றேன்.

"வேணுமா வேண்டாமாங்கறது கேள்வியே இல்ல மைத்தே. நம்மகிட்ட இருக்கணும்."

"எதுக்கு?"

"இல்லன்னா வேற எவன்கிட்டயாவது இருக்கும்."

இதை ரொட்டி வாயில் இருக்கும்போது சொன்னார். அந்த ரொட்டியைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

ஜூலை 10

சேஜ் புதருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன். மறுபடி எழுதுகிறேன், எனக்கே நம்பிக்கை வர வேண்டும். தானாக வளரும், யாருக்கும் வேண்டாத, மாடு வாய் வைக்காத புதருக்கு, ஓடை வற்றுகிற கோடையில், பம்பு வைத்து, தெளிப்பான் வைத்து, காலையிலிருந்து மாலை வரை.

நனைந்த சேஜுக்கு மழை வாசனை. இந்த ஊரில் அந்த வாசனை வந்தால் கடையில் நிற்பவர்கள்கூட வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். இன்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"புதருக்குத் தலை குளிப்பாட்டுறோம்" என்றான் எஃப்ராயின். "ஷாம்பூ ஒன்னுதான் குறைச்சல்."

மதியம் பெரியப்பா கொஞ்சம் மாடுகளை மேலே ஓட்டிவரச் சொன்னார், மேய்ச்சல் நிலம் மாதிரி தெரியட்டும் என்று. மாடுகள் தூறலில் நின்று எங்களைப் பார்த்தன. ஒன்று குளிர்பதனப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தது.

ஜூலை 11

மேட்டிலிருந்து பார்த்தால் வெர்னாவின் குட்டை தெரிகிறது. நடுவில் கொஞ்சம் பச்சையாக மினுங்குகிறது, சுற்றிலும் கறுப்பு. பார்க்காமல் இருக்க முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தேன்.

ஜூலை 17

சாலையில் வரும்போது வெர்னாவின் டிராக்டர் குட்டை ஓரத்தில் கோணலாக நின்றது. சும்மா போயிருக்கலாம். நிறுத்தினேன்.

இரண்டு மாடுகள் சேற்றில். தண்ணீர் தேடி உள்ளே உள்ளே போயிருக்கின்றன, வயிறு வரை புதைந்துவிட்டன. வெர்னா முழங்கைக்கு மேல் சேறாக ஒன்றின் அடிவயிற்றில் பட்டை கோத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. டிராக்டர்ல ஏறு. மெதுவா இழு. நான் கத்தினா நிறுத்து."

இழுத்தேன். அவர் கத்தினார், நிறுத்தினேன். மறுபடி இழுத்தேன். கடைசியில் பாட்டிலிலிருந்து தக்கை வருவதுபோல ஒரு சத்தத்தோடு மாடு வெளியே வந்தது, நாற்றத்தோடு. எழுந்து நிற்க அதற்கு வெகுநேரம் ஆயிற்று. மற்றதை இழுக்கும்போது இடுப்பு எலும்பு விலகிவிட்டது. வெர்னா வீட்டுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துவந்தார். அதன் கன்று கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

பிறகு இருவரும் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். அவர் தண்ணீர் பாட்டிலை முதலில் என்னிடம்தான் நீட்டினார்.

"மேட்டு வயல் காஞ்சு கிடந்தது உனக்குத் தெரியும்."

பாட்டிலை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"ரெண்டு பேர் சத்தியம் பண்ணிச் சொல்லணும். இது அஞ்சு வருஷத்துக்கு மேல சும்மா கிடந்த நிலம், எங்க கண்ணால பார்த்தோம்னு. ஒருத்தி நான். இன்னொருத்தர் வேணும். அந்த உரிமை போச்சுன்னா அந்தத் தண்ணி ஓடையிலயே நிக்கும். நடுவுல சோரன்சன் ஒருத்தன்தான், அவனுக்கு நிறைஞ்சிருக்குன்னு அவனே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். நேரா எங்கிட்ட வரும்."

"அவர் என் பெரியப்பா, வெர்னா."

"தெரியும்டி. என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டதே அவர்தான்." சேற்றுக் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டார். "அதுவும் உருப்படலை."

ஜூலை 18

சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. கொழகொழவென்று ஏதோ சொல்லிவிட்டு வண்டி எடுத்துக்கொண்டு வந்தேன். நகத்துக்குள் இன்னும் அந்தச் சேறு.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, கொஞ்ச நாள்தான் என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்தேன். அப்பா தன் பங்கைப் பெரியப்பாவிடம் விற்றுவிட்டு ரீனோவில் லாரி ஓட்டுகிறார். எனக்கென்று இருப்பது இந்த வீட்டின் பின்னறையும் பெரியப்பா தரும் சம்பளமும்தான். நியாயம் பேச இதைவிட நல்ல இடம் வேண்டுமா? போடி.

ஜூலை 24

தீயணைப்பு வண்டிக்கு நிதி சேர்க்க ஊர்க் கூடத்தில் விருந்து. மாட்டிறைச்சி, பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், சாயம் போட்ட மாதிரி சிவப்பாக ஒரு ஜெல்லி. எல்லா வருஷங்களும் வந்திருந்தன.

வெர்னா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே கேள்வி. "பெய்யோவோட மேட்டு வயல்ல தண்ணி பாஞ்சு நீ கடைசியா எப்ப பார்த்த?"

"நான் அந்தப் பக்கமே போறதில்லையே."

"எனக்குக் கண்ணு சரியில்ல வெர்னா. டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு."

கில் சோரன்சன் எலும்பைச் சூப்பிக்கொண்டே, "நேத்து பார்த்தேனே! ஜோரா பாயுது. பெய்யோ அங்க நெல்லு நடப் போறான்" என்றார். மேஜை முழுக்கச் சிரிப்பு. பெரியப்பாவும் சிரித்தார். தினமும் அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாரும். அந்தப் பெட்டியை அங்கே தூக்கிப்போட்டதே அவர்களில் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

சமையலறையில் சோரன்சனின் மனைவி நாடினோடு பாத்திரம் கழுவினேன். ஏன் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை என்று கேட்டுவிட்டேன். அவர் குழாயை நிறுத்தினார்.

"எங்ககிட்டயும் ஒரு செத்த வயல் இருக்கு. ஓடைக்கு மேல இருக்கிற ஹென்றிகிட்ட ரெண்டு இருக்கு. இன்னைக்கு பெய்யோவுக்கு எதிரா ஒருத்தன் சத்தியம் பண்ணினா, நாளைக்கு அவன் வேலிக்கு வெளிய ஒருத்தன் வந்து நின்னு பார்ப்பான். புரியுதா? அந்தத் தட்டை எடு."

எடுத்தேன். துடைத்தேன். வேறென்ன செய்வது? 1911-காரி ஒருத்தி வெளியே தனி மேஜையில் பீன்ஸ் தின்றுகொண்டிருந்தாள் — ஆமாம், தின்றுகொண்டிருந்தாள் என்றுதான் எழுதுகிறேன், அப்படித்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

ஜூலை 30

தெளிப்பான்களை நகர்த்தும்போது எஃப்ராயினிடம் கேட்டேன், வெர்னா உன்னிடமும் கேட்டாரா என்று.

"கேட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுட்டேன்."

"உனக்கு என்னைவிட நல்லா வருமே."

"அதை அவங்ககிட்ட நல்ல இங்கிலீஷ்லதான் சொன்னேன். அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க." குழாயின் மறுமுனையைத் தூக்கினான். "என் விசா உங்க பெரியப்பா பேர்ல இருக்கு. அவர் வேண்டாம்னா நான் பிளேன் ஏறணும். கோபப்படுறதுக்கு நீ இருக்க. எனக்கும் சேர்த்து நீயே பட்டுக்க."

இருவரும் குழாயைத் தூக்கிக்கொண்டு புதர்களுக்கு நடுவே நடந்தோம். சேஜ் இப்போது நல்ல வெள்ளிப் பச்சையில் இருக்கிறது. இந்த மாவட்டத்திலேயே ஆரோக்கியமான களை எங்களுடையது.

ஆகஸ்ட் 5

வெர்னாவின் குட்டை வற்றி முடிந்தது. விழுந்து கிடக்கும் மாட்டின் கண்ணைத்தான் அண்டங்காக்கைகள் முதலில் கொத்துகின்றன. உயிர் இருக்கும்போதே.

ஆகஸ்ட் 9

லைல் மேட்டு வயலைப் பார்வையிட வந்தார். வெர்னா எழுதிப்போட்ட புகார், வராமல் இருக்க முடியாது. பூட்ஸ் நனையாமல் இருக்க வண்டிச் சுவட்டிலேயே நின்றுகொண்டார்.

"நல்லா ஈரமா இருக்கு" என்றார்.

"இருக்காதா பின்ன" என்றார் பெரியப்பா.

"கொஞ்சம் புதர் ஏறிப்போச்சு போல."

"கொஞ்சம்."

இருவரும் கல்யாண வீட்டில் சம்பந்திகள் பேசிக்கொள்வதுபோலப் பேசினார்கள். பிறகு லைல் என் பக்கம் திரும்பினார். அவர் கேட்ட விதம் இருக்கிறதே, ஆமாம் என்ற பதிலையும் அவரே எழுதி என் கையில் கொடுத்துவிட்டார்.

"வருஷா வருஷம் பாய்ச்சுறதுதானேம்மா இது?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. நான் சொல்வேன் என்று நிம்மதியாகப் பார்த்தார். அந்த நிம்மதிதான். அவர் மிரட்டியிருந்தால் ஒருவேளை நான் பொய் சொல்லியிருப்பேன்.

"இல்ல" என்றேன்.

"என்னது?"

"இல்லன்னு சொன்னேன். பம்பே போன மாசம்தான் வந்துது. நான் ஸ்கூல் போகும்போது காஞ்சது இது."

லைல் தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "காத்து அடிக்குது. எனக்கு ஒன்னும் சரியா விழலை."

"அப்ப எழுதியே தரேன்."

எஃப்ராயின் தூரத்தில் ஒரு இணைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ இறுகிவிட்டது.

மதியம் மாவட்டத் தலைநகருக்குப் போய், வலது கையைத் தூக்கி, சத்தியம் பண்ணி, கையெழுத்துப் போட்டேன். முடித்துவிட்டு வெளியே வந்து வாகன நிறுத்தத்தில் வாந்தி எடுத்தேன். வீரம் இப்படித்தான் இருக்கும் போல.

ஆகஸ்ட் 10

விடிந்ததும் பெரியப்பா முட்டையும் சொரீசோ தொத்திறைச்சியும் வறுத்து வைத்திருந்தார். என் தட்டு மேஜையில். என் பை வாசலில். அவரே மடித்து அடுக்கியிருந்தார், சாக்ஸ் எல்லாம் ஜோடி ஜோடியாக.

"உங்கப்பன் அவன் பங்கை வித்துட்டுப் போனான்" என்றார். "அவனாவது விலை வாங்கினான்."

"அவங்க மாடு சாகுது பெரியப்பா."

"கண்ணு எனக்கும் இருக்கு."

"பார்த்துட்டுமா—"

"என் அப்பன் வெயில்ல முதுகு தோல் உரிஞ்சு வாங்கினது அது. ஒரு வயலை விட்டுக் குடுத்தா அடுத்ததையும் கேப்பான். வெர்னா கேக்க மாட்டா, சரி. அவளுக்கு அப்புறம் வர்றவன் கேப்பான். உனக்கு இது புரியாது, உனக்கு இழக்க ஒன்னும் இல்ல." அப்புறம், "முட்டை ஆறுது. சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். வெட்கமே இல்லாமல் ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அவர் என் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினார். எனக்கு அவரை முழுசாக வெறுக்கவும் வரவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

அக்டோபர் 3

வெர்னாவின் களஞ்சியத்துக்குப் பின்னால் இருக்கும் டிரெய்லரில் குடியிருக்கிறேன். சுவர் வழியாகக் காற்று வருகிறது. சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. மிச்சமிருக்கும் மாடுகளுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். வெர்னா பல் கட்டுவதற்கு வைத்திருந்த பணத்தை அதில் போடுகிறார்.

பெட்ரோல் நிலையத்துக்காரி மீதிச் சில்லறையை என் கையில் தருவதில்லை. மேஜையில் வைத்து விரலால் தள்ளுகிறாள். எனக்கு அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஒரே பள்ளிக்கூட பஸ்.

நவம்பர் 20

பனி. குழாய் உறைந்துவிட்டது. வெர்னாவும் நானும் ஒரே போர்வைக்குள் தொலைக்காட்சி பார்த்தோம். "நீ குறட்டை விடுற" என்றார். "நீங்கதான்" என்றேன்.

ஜனவரி 27

வந்துவிட்டது. மேட்டு வயலின் உரிமை ரத்து. பெரியப்பாவின் வக்கீல் எதிர்த்துப் பேசவே இல்லையாம்.

வெர்னா மான்கறிக் குழம்பு வைத்தார். இரண்டு குவளை விஸ்கி குடித்துவிட்டு அடுப்பைச் சுற்றித் தனியாக ஆடினார், ஒரு காலில் மட்டும் செருப்போடு. "ஜூன் வரட்டும்டி! எம் மாடு மூக்கு முங்கக் குடிக்கும் பாரு!"

நானும் ஆடினேன். எழுதி வைக்கிறேன்: இன்று நான் எதையும் யாரையும் திட்டவில்லை.

மே 14

மதகுகளைத் திறந்தார்கள். ஊருக்குப் போய்வரும் வழியில் எதையோ பார்த்தேன், முதலில் புரியவில்லை.

ஹென்றியின் பாறைக் காட்டில் தெளிப்பான் சுற்றுகிறது. பழைய விமான ஓடுதளத்தின் தார் ஓரத்தில் ஒன்று. கல்லறைக்குப் பின்னால், முள்ளுக்கு நடுவில், இரண்டு. சாலையின் இரண்டு பக்கமும், ஒருத்தர் விடாமல், வருஷக்கணக்காகச் செத்துக் கிடந்த நிலத்துக்கெல்லாம் தண்ணீர். எங்கே பார்த்தாலும் நனைந்த சேஜ். பள்ளத்தாக்கு முழுக்க அந்த மழை வாசனை.

சோரன்சன் தன் வேலியில் புதுக் குழாய் இறக்கிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"உங்களுக்கு நிறைஞ்சிருக்குன்னு சொன்னீங்களே."

"பாதிதான் எடுத்துக்கிட்டு இருந்தேன். மீதி எதுக்கு, தொந்தரவுன்னு விட்டுட்டேன். இப்ப விட முடியுமா? யாராவது ஒருத்தி கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டா?" வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உன் புண்ணியம் மைத்தே. எங்க தாத்தா காலத்து வயலெல்லாம் மறுபடி குளிக்குது."

நான் என்ன செய்துவிட்டேன்? உண்மையைச் சொன்னேன். ஒரே ஒரு தடவை. அந்த ஒரு உண்மைக்குப் பயந்து முழு ஓடையையும் கல்லுக்கு ஊற்றுகிறார்கள். தூ.

மே 15

தூ என்று மறுபடியும் எழுதலாம்.

ஜூன் 6

சோரன்சனின் மதகுக்குக் கீழே ஓடை கூழாங்கல்தான். விடியற்காலையில் மட்டும் ஒரு கசிவு வருகிறது, கணுக்கால்கூட நனையாது. லைல் வந்து பார்த்தார். வெர்னாவின் மதகைப் பூட்டக்கூடத் தேவையில்லை, பூட்ட அங்கே ஒன்றும் வரவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க உரிமைக்குள்ளதான் எடுக்கறாங்க" என்றார்.

"லைல்" என்றார் வெர்னா, "நீ போய்ச் சேரு."

ஜூன் 15

மாடுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசி லாரி கிளம்பும்வரை வெர்னா வெளியே வரவில்லை. உள்ளே அலமாரிகளை எல்லாம் இறக்கி சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். போன கோடையில் தாயை இழந்த கன்று, இப்போது பெரிய கிடாரி, லாரியின் சாய்வுப் பலகையில் ஏற மறுத்தது. ஓட்டுநர் ஷாக் அடிக்கும் மின்கோலை நீட்டினான். நான் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தோளைக் கொடுத்து நானே தள்ளி ஏற்றினேன்.

நானே ஏற்றினேன்.

ஜூன் 21

காலைக் காபியின்போது வெர்னா சாதாரணமாகச் சொன்னார். "கிழக்கால இருக்கிற சரளை மேட்டுக்கு அந்தக் கசிவைத் திருப்பி விடு. தினமும்."

"அங்க என்ன இருக்கு?"

"சரளைதான்."

"எதுக்கு?"

"மூணு வருஷமா அதுக்கு நான் பாய்ச்சலை, அஞ்சு ஆச்சுன்னா உரிமை போயிரும். இப்ப எல்லாருக்கும் கண்ணு தெரிய ஆரம்பிச்சிருச்சு."

கோப்பையைக் கீழே வைத்தேன். "மாடே இல்ல வெர்னா. ஒரு மாடு இல்ல இந்தப் பண்ணையில."

"வாங்கறவனுக்கு இருக்கும். கடற்கரைப் பக்கத்துலருந்து ஒருத்தன் பார்த்துட்டுப் போயிருக்கான். தண்ணியோட இருந்தா இது பண்ணை. தண்ணி இல்லன்னா இது வெறும் பொட்டல். என்னைப் பொட்டலை வச்சுக்கிட்டுச் சாகச் சொல்றியா?"

"அப்ப எங்க பெரியப்பாவுக்கும் உங்களுக்கும் என்னதான் வித்தியாசம்?"

வெர்னா கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அவருக்கு மாடு இருக்கு."

சிரித்துவிட்டோம், இரண்டு பேரும். சிரித்து முடித்ததும் அவர் அழ ஆரம்பித்தார். பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே அழுதார். நான் எழுந்துபோய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டேன். என்ன சொல்லட்டும்? இந்த வயதில் டவுனில் வாடகை அறையில் கிடக்கச் சொல்லட்டுமா? எனக்கென்ன, சொல்லிவிடலாம். எனக்கு இழக்கத்தான் ஒன்றுமில்லையே.

ஜூன் 22

போகவில்லை. சரளை மேடு காய்ந்தே கிடக்கிறது.

ஜூன் 23

வெர்னா தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டிரெய்லர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் பார்க்க முடியும்?

ஜூலை 2

அதிகாலையில் கசிவு வரும் நேரத்துக்குப் போய், மண் அணைத்து, சரளை மேட்டுப் பக்கம் திருப்பினேன். தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போகிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. மேற்பரப்பு நிறம் மாற வெகுநேரம் ஆகிறது. பிறகு சாம்பல் நிறம் கறுப்பாகிறது, சாலையிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவுக்கு.

ஒரு பிக்கப் வந்தது. தூசியிலேயே தெரிந்தது பெரியப்பாவுடையது என்று. அன்றைக்கு வீட்டை விட்டு வந்தபிறகு நாங்கள் பேசியதில்லை. சாலையில் எதிர்ப்பட்டால் நேராகப் பார்த்துக்கொண்டு போவார்.

இன்று வேகத்தைக் குறைத்தார். வேலியருகில் கிட்டத்தட்ட நின்றேவிட்டார். கறுத்துக் கிடந்த கல்லைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங்கை விடாமல் ஒற்றை விரலை மட்டும் தூக்கினார், இங்கே சாலையில் ஒருத்தர் தன் ஆட்களுக்குத் தூக்குவதுபோல.

அவர் போய்விடுவதற்குள் நான் ஒரு அடி நகர்ந்து நின்றேன், எனக்குப் பின்னால் நனைந்திருந்த இடமும் அவருக்குத் தெரியட்டும் என்று.